உதடு ஏன் மரத்துப்போகிறது?

(தேர்வுக்குத் தயாராகும் மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களுக்காகப் புதுச்சேரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, வைத்திக்குப்பத்திலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் கீழ்க்கடைவாய்ப் பல்லை எடுக்க வந்தார். மரத்துப்போகும் ஊசி போட்டேன். பல் சுலபமாக வந்துவிட்டது. பஞ்சை வைப்பதற்கு முன் அவர் என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, நீ பல்லைத்தானே புடுங்கின? ஒதடும் நாக்கும் ஏன் மரத்துக் கெடக்கு?"

உடற்கூறியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். கீழ்த்தாடை நரம்பின் கிளைகளை வரிசை மாறாமல் ஒப்பிப்பேன். அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில், "ஊசி போட்டா அப்படித்தாம்மா இருக்கும்" என்பதுதான். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு விடுதியில் உட்கார்ந்து, அவர் எதிரே இருப்பதாக நினைத்துக்கொண்டு பதிலைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிட்டது. எங்கே நின்றதோ, அங்கே என் பாடமும் நின்றிருந்தது. நரம்பின் பெயர் எனக்குத் தெரியும். அது எந்தத் துளை வழியாக எலும்புக்குள் போகிறது, எந்த இடத்தில் வெளியே வருகிறது, நாக்குக்குப் போகும் நரம்பு அதற்கு எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்பதைப் படமாக என்னால் பார்க்க முடியவில்லை.

இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். நீட் எம்.டி.எஸ்., நீட் பி.ஜி., ஐ.என்.ஐ. செட், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. என்று எந்தத் தேர்வுக்கு உட்கார்ந்தாலும், அடிப்படைப் பாடத்தைத் திரும்பப் பார்ப்பதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. புத்தகத்தை மூடுங்கள். அந்த அம்மாவுக்குச் சொல்வது போலத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராத இடத்தில் மட்டும் புத்தகத்தைத் திறங்கள்.

அந்தக் கேள்விக்கு இன்று நான் சொல்லும் பதில் இது: "அம்மா, தெருவுல ஒவ்வொரு வீடாப் போய் கரன்ட்டை நிறுத்த முடியாது. தெருவுக்குள்ள ஒயர் நுழையற கம்பத்துலயே நிறுத்துறோம். கீழ்வரிசைப் பல்லுக்கெல்லாம் போற உணர்ச்சி நரம்பு, தாடை எலும்போட உள்பக்கத்துல ஒரு ஓட்டை வழியா எலும்புக்குள்ள போகுது. ஊசி அந்த ஓட்டைக்கு வெளியிலதான். அதே நரம்போட ஒரு கிளை முன்பக்கம் இன்னொரு ஓட்டை வழியா வெளிய வந்து உதட்டுக்கும் மோவாய்க்கும் போகுது. அதான் உதடு மரத்துப் போகுது. நாக்குக்குப் போற நரம்பு அந்த ஓட்டைக்குக் கொஞ்சம் முன்னாடி ஓடுது, மருந்து அதையும் தொட்டுடுது." இதைச் சொல்ல முடிந்த மாணவனிடம், உதடு மரத்தும் கன்னப் பக்கத்து ஈறு மட்டும் வலிப்பது ஏன் என்று தேர்வில் கேட்டால், அவன் யோசித்தே விடைக்குப் போவான். கீழ்க்கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கத்து ஈறுக்கு வருவது வேறு கிளை. அது அந்த ஓட்டைக்குள் நுழைவதே இல்லை.

இதில் நான் 'உணர்ச்சி நரம்பு' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் மக்கள் பேச்சில் 'நரம்பு ஊசி' என்றால் ரத்தக் குழாயில் போடும் ஊசி. கையில் நீலமாகத் தெரிவதும் நரம்பு, இழுத்துப் பிடிப்பதும் நரம்பு. "நரம்புல மருந்து போட்டிருக்கேன்" என்று நீங்கள் சொன்னால், குளுக்கோஸ் ஏற்றியதாகத்தான் அந்த அம்மா நினைப்பார். ஆங்கிலத்தில் ஒப்பிக்கும்போது இந்தக் குழப்பம் கண்ணில் படாது, தமிழில் சொல்லும்போது முதல் வாக்கியத்திலேயே எதிரே வந்து நிற்கும். மொழிபெயர்ப்பது கூடுதல் வேலை என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அந்த வேலையைச் செய்யும்போதுதான் எது தெரியும், எது தெரியாது என்பது பிரிந்து தெரிகிறது.

படிக்கும் மொழி ஒன்று, நோயாளி பேசும் மொழி வேறொன்று என்பது நம் ஊருக்குப் புதிய பிரச்சினை இல்லை. 1823-ல் பிரெஞ்சு அரசு இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கியது. எக்கோல் த மெத்சீன் என்று பெயர். கோரிமேட்டுக்குப் போவதற்கு முன் அது நகரத்தின் நடுவில், ஆளுநர் மாளிகையை ஒட்டிய பகுதியில் இருந்தது. அங்கே பட்டம் பெற்றவருக்கு 'மெத்சேன் லொக்கால்', அதாவது உள்ளூர் மருத்துவர் என்று பெயர். பிரெஞ்சில் படித்துவிட்டு, முத்தியால்பேட்டையிலும் வில்லியனூரிலும் தமிழில்தான் அவர்கள் நோயைக் கேட்டிருக்க வேண்டும். 1954 நவம்பர் 1-ல் ஊர் இந்தியாவின் கைக்கு வந்த பிறகு, அந்தப் பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது. 1964 ஜூலை 13 முதல் அது ஜிப்மர். பிரெஞ்சு போய் ஆங்கிலம் வந்தது. நோயாளி பேசும் மொழி மட்டும் இரண்டு நூற்றாண்டுகளாக மாறவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இதை நேராக எதிர்கொண்டார். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-ல் அங்கே வந்தார், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860-களில் தமிழுக்கு மாறினார். 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் உடற்கூறியலைத் தமிழில் கொண்டுவந்தார். இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், வேதியியல் என்று அவரும் அவருடைய மாணவர்களும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதினார்கள். வேதியியலுக்கு அவர் வைத்த பெயர் 'கெமிஸ்தம்'. இன்று நம் தேர்வுகள் ஆங்கிலத்தில்தான் நடக்கும், உங்களைத் தமிழில் தேர்வு எழுதச் சொல்லவில்லை. கிரீன் மொழியை மாற்றியபோது மாணவர்களுக்குக் கிடைத்தது என்ன என்று நினைத்துப் பாருங்கள். வீட்டில் பேசும் மொழியில் தங்கள் உடம்பைப் பற்றி யோசிக்கும் வசதி கிடைத்தது. அந்த வசதியை நீங்கள் தினமும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம், செலவில்லை.

இப்போது ரிவிஷன் நடக்கும் விதத்துக்கு வருகிறேன். ரோமன் ரோலண்ட் நூலகத்தில் மாலையில் போய்ப் பார்த்தால் தெரியும். பெரும்பாலான பிள்ளைகள் நோட்ஸைப் படிக்கிறார்கள், மறுபடி படிக்கிறார்கள், மூன்றாவது முறை வேறு நிறத்தில் கோடு போடுகிறார்கள். படிக்கப் படிக்க வரிகள் பழகிப்போகின்றன. பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. வீதியில் தினமும் பார்க்கிற முகம்தான், பெயரைக் கேட்டால் தெரியாது. அப்படித்தான் இதுவும்.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை ஜெர்மானியரான ஹெர்மான் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-ல் வெளியிட்டார். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு பகுதி மாணவர்கள் ஒரு பத்தியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை தாளை மூடி நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், மூடி எழுதியவர்களுக்கு 61 சதவீதம். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. ஆனாலும் நாம் எல்லோரும் ஐந்து நிமிடச் சோதனையில் ஜெயிக்கிற முறையில்தான் படிக்கிறோம், அது சுகமாக இருப்பதால்.

பல் மருத்துவப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கணக்கு. நீட் எம்.டி.எஸ். தேர்வில் 240 கேள்விகள், 960 மதிப்பெண். அதில் 100 கேள்விகள் முதல் பகுதியில், பெரும்பாலும் அடிப்படைப் பாடங்களிலிருந்து. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண். நான்கில் இரண்டை உறுதியாகத் தள்ள முடிந்து, மிச்சம் இரண்டில் ஒன்றைத் தொட்டால் சராசரி ஒன்றரை. அந்த இரண்டைத் தள்ளும் பலம், ஒன் லைனர் என்ற ஒற்றை வரிக் குறிப்புகளை மனப்பாடம் செய்வதில் கிடைக்காது. 'இது நடக்க வழியே இல்லை' என்று சொல்ல, உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஐ.என்.ஐ. செட் தேர்வில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவதால், கண்ணை மூடித் தொடுவதில் மிஞ்சுவது எதுவுமில்லை. அங்கே இந்தப் பலம் இன்னும் அதிகம் வேண்டும்.

தேர்வு நடத்துபவர்களும் இந்தப் பக்கமாகத்தான் நகர்கிறார்கள். அமெரிக்காவில் பல் மருத்துவர்களுக்கான தேசியத் தேர்வில் அடிப்படை அறிவியலுக்குத் தனிப் பகுதியும் சிகிச்சைக்குத் தனிப் பகுதியும் பல காலம் இருந்தன. 2020-ல் இரண்டையும் இணைத்த ஒரே தேர்வு வந்தது. நோயாளியின் கதையைச் சொல்லி, அதற்குள் உடலியலைக் கேட்கிறார்கள். நம்முடைய 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலும், 2023-ஆம் ஆண்டு தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்திலும் நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வுக்கு இடம் இருக்கிறது. அது என்று வந்தாலும் இந்தத் திசையில்தான் வரும் என்பது என் எண்ணம்.

ஒரு எடுத்துக்காட்டில் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. மரத்துப்போகும் ஊசி மருந்தான லிக்னோகைனின் அதிகபட்ச அளவு என்ன என்று கேட்டால் இந்த அரங்கில் பாதிப் பேர் உடனே சொல்வீர்கள்: அட்ரினலின் இல்லாமல் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம், அட்ரினலினோடு 7. சரி. 15 கிலோ எடையுள்ள குழந்தை உட்கார்ந்திருக்கிறது, கையில் 2 சதவீத மருந்து, அட்ரினலின் இல்லை. எத்தனை மில்லி வரை போடலாம்? நான் பல வருடங்கள் இதைக் கேட்டிருக்கிறேன், உடனே பதில் வருவது அபூர்வம். 2 சதவீதம் என்றால் 100 மில்லியில் 2 கிராம், அப்படியென்றால் 1 மில்லியில் 20 மில்லிகிராம். இதை மறந்துவிட்டவருக்கு 4.4 என்ற எண் கையில் இருந்தும் பயனில்லை. 15-ஐ 4.4-ஆல் பெருக்கினால் 66 மில்லிகிராம், அதாவது 3.3 மில்லி. நம் கிளினிக் மேசையில் நிற்கும் 30 மில்லி பாட்டிலில் இருப்பது 600 மில்லிகிராம். இரண்டு பக்கமும் கீழ்ப்பல்லுக்கு ஊசி போட்டு, மரக்கவில்லை என்று இன்னொரு தடவையும் போட்டால், அந்தக் குழந்தை எல்லையைத் தாண்டிவிடும். பள்ளிக்கூடக் கணக்குதான். இதைத் திரும்பப் பார்க்காமல் மருந்தியல் முடிந்தது என்று சொல்லாதீர்கள்.

மரக்கவில்லை என்றேனே, அது ஏன்? "டாக்டர், ஊசி ஏறவே இல்லை" என்பார்கள் நோயாளிகள், ஏதோ நாம் சரியாகப் போடாதது போல. சீழ் கட்டிய பல்லில் இது அடிக்கடி நடக்கும். லிக்னோகைன் மூலக்கூறு மின்னேற்றம் இல்லாத வடிவத்தில்தான் நரம்பின் கொழுப்புச் சவ்வைக் கடந்து உள்ளே போகும். அதன் பி.கே.ஏ. 7.9-க்கு அருகில். உடம்பின் இயல்பான பி.எச். 7.4-ல், நூறு மூலக்கூறில் ஏறத்தாழ 24 அந்த வடிவத்தில் இருக்கும். சீழால் அந்த இடம் அமிலமாகி 6.4-க்கு இறங்கினால், நூறில் 3 தான். முதலாண்டு உயிர்வேதியியலில் தாங்கல் கரைசல் என்று சலிப்போடு ஒப்பித்த அதே சமன்பாடு இது. மருந்து இருக்கிறது, ஆனால் உள்ளே நுழையும் சீட்டு மூன்று பேரிடம்தான் இருக்கிறது. அதனால்தான் சீழ் இருக்கும் இடத்தில் குத்தாமல், நரம்பு வரும் வழியில் தள்ளிப்போய் மரக்கவைக்கிறோம். கிராண்ட் டெஸ்ட் என்ற மாதிரித் தேர்வில் இதே விஷயத்தை நான்கு விதமாகக் கேட்பார்கள். காரணம் தெரிந்தவனுக்கு நான்கும் ஒரே கேள்வி.

பல் ஒன்றால் யாரும் செத்துப்போக மாட்டார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பல் மருத்துவப் படிப்பே சின்னது என்ற எண்ணமும் அதோடு வருகிறது. 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்த நோயைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். கீழ்த்தாடையின் உள்பக்கத்தில் ஒரு வரம்பு ஓடுகிறது. வாயின் தரையாக இருக்கும் மைலோஹையாய்டு தசை அங்கேதான் ஒட்டியிருக்கிறது. அந்த வரம்பு பின்னால் மேலாகவும் முன்னால் கீழாகவும் சரிந்து போகிறது. முன்பக்கப் பற்களின் வேர் நுனி தரைக்கு மேலே இருப்பதால் சீழ் நாக்குக்கு அடியில் வரும். இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப் பற்களின் வேர் நுனி தரைக்குக் கீழே இருப்பதால் சீழ் கழுத்துப் பக்கம் இறங்கும். தரைக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு அறைகளும் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டால் நாக்கு மேலேயும் பின்னேயும் தள்ளப்பட்டு மூச்சு வழி அடைபடும். ஆள் உட்கார்ந்தபடி எச்சிலை விழுங்க முடியாமல் மூச்சுக்குத் திணறுவார். அந்த நேரத்தில் முதல் வேலை மூச்சு வழியைக் காப்பது, பல்லைப் பார்ப்பது அப்புறம். அந்த ஒரு சரிந்த வரம்பை நினைவில் வைத்திருந்தால் இவ்வளவும் அதிலிருந்து வரும்.

மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. கீழ்த்தாடை வலிக்கிறது என்று ஒருவர் பல் டாக்டரிடம் வருகிறார். பல்லில் சொத்தை இல்லை, தட்டினால் வலிக்கவில்லை. "மாடிப்படி ஏறினா வலிக்குது, உக்காந்தா நின்னுடுது, வாயுவா இருக்குமோ" என்கிறார். மாடிப்படி ஏறுவது பல்லுக்குத் தெரியாது, இதயத்துக்குத்தான் தெரியும். இதயத்தின் வலிச் செய்தியும் தாடையின் வலிச் செய்தியும் நடுநரம்பு மண்டலத்தில் பொதுவான நரம்பணுக்களில் போய்ச் சேர்வதால், மூளை இடத்தை மாற்றிப் படித்துவிடுகிறது. 'வாயு' என்ற அந்த ஒரு சொல்லை நோயாளி எந்தப் பொருளில் சொல்கிறார் என்று கேட்கத் தெரிந்தவர், ஈ.சி.ஜி. எடுக்க அனுப்புவார். 19 பாடங்களை 19 பெட்டிகளாக வைத்திருப்பவருக்கு இது கஷ்டம்.

பாக்கு விஷயத்தையும் விட மனமில்லை. "காரம் பட்டா வாய் எரியுது, வாயத் தொறக்க முடியல" என்று இருபது வயதுப் பையன்கள் வருகிறார்கள். வெறும் பாக்குப் பொட்டலம், சில சமயம் புகையிலையோடு. வாயின் உள்தோலுக்கு அடியில் நார்த்திசு கூடிக்கொண்டே போய், கன்னம் பலகையாகிவிடுகிறது. பாக்கில் உள்ள அரெக்கோலின் நார்ச்செல்களைத் தூண்டுகிறது. பாக்கில் தாமிரம் அதிகம். கொலாஜன் இழைகளைக் குறுக்கே பின்னும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதிக்குத் தாமிரம் வேண்டும். பின்னிய இழை எளிதில் சிதையாது. நீங்கள் உயிர்வேதியியலில் 'தாமிரம் தேவைப்படும் நொதிகள்' என்று ஒரு பட்டியல் மனப்பாடம் செய்தீர்களே, அதில் ஒரு பெயர் அந்தப் பையனின் கன்னத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவனுக்கு இதை அவன் மொழியில் சொன்னால், பொட்டலத்தை அவன் வேறு கண்ணோடு பார்ப்பான். சொன்னவருக்குப் பட்டியல் மறக்காது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வருடம் டிராப் எடுத்து வீட்டில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளையிடம் தினமும் ரேங்க்கைக் கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு மருத்துவம் தெரியாததுதான் இங்கே உங்கள் தகுதி. ஆறு வயதில் பால்பல் எதுவும் விழாமலேயே வரிசையின் கடைசியில் ஒரு பெரிய பல் முளைக்கிறதே, அது நிலைப்பல்லா பால்பல்லா என்று கேளுங்கள். நிலைப்பல்தான். பால்பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடும் குடும்பங்கள் ஏராளம். உங்கள் பிள்ளை ஏன் என்று விளக்கத் தொடங்கினால் பல் வளர்ச்சிப் பாடம் பாதி முடிந்தது, உங்கள் பேரப்பிள்ளையின் பல்லும் பிழைத்தது. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள், தயங்காதீர்கள். அந்த ஒரு வார்த்தை எந்தக் கோச்சிங்கிலும் கிடைக்காது.

இடைவெளி பற்றி ஒரு சொல். இன்று சொன்னதை நாளைக்கும், பிறகு நான்கு நாள் கழித்தும், பிறகு இரண்டு வாரம் கழித்தும் சொல்லிப் பாருங்கள். தப்பாகச் சொன்னதைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள். என் மாணவி ஒருவர் அந்த நோட்டின் மேல் 'கடன்' என்று எழுதி வைத்திருந்தார். தீர்த்ததை அடித்துக்கொண்டே வந்தார். பழைய கேள்வித்தாளைச் செய்யும்போது, சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் தவறு என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு கேள்வியில் நான்கு பாடம் கிடைக்கும். ஒரு நாளைக்கு நூறு கேள்வி முடித்தேன் என்பதை விட, இப்படி இருபத்தைந்து முடித்தவரை நான் நம்புவேன்.

பேச்சு இவ்வளவுதான். இந்த மேசையில் இரண்டு கீழ்த்தாடைகள் வைத்திருக்கிறேன். ஒன்று பெரியவருடைய எலும்பு, இன்னொன்று நான்கு வயதுக் குழந்தையின் தாடைக்குச் செய்த பிளாஸ்டிக் மாதிரி. வரிசையாக வாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, உள்பக்கத்து ஓட்டையை ஆள்காட்டி விரலால் தேடுங்கள். குழந்தையின் தாடையில் அது பற்களின் கடிக்கும் மட்டத்துக்குக் கீழே இருக்கும், பெரியவருக்கு மேலே ஏறியிருக்கும். ஊசியை இருவருக்கும் எந்த உயரத்தில் நுழைக்க வேண்டும் என்று உங்களுக்குப் பின்னால் நிற்பவரிடம் தமிழில் சொல்லிவிட்டு, எலும்பை அவர் கையில் கொடுங்கள்.